மீன் தொட்டியில் கோளாறா? எந்தக் குழாய்த் தண்ணீர் என்று முதலில் சொல்லுங்கள்

செட்டிநாட்டில் வீட்டுக்கு ஒரு தண்ணீர் என்ற கணக்கு கிடையாது. விடிகாலையில் கொஞ்ச நேரம் வரும் நகராட்சிக் குழாய் ஒன்று, கொல்லையில் போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்று, முற்றத்துத் தகரக் குழாய் வழியாக அண்டாவில் விழும் மழைத் தண்ணீர் ஒன்று, சமையலறையில் ஆர்.ஓ. எந்திரமோ கேனோ ஒன்று. காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். பேச நியாயமும் உண்டு. ஆனால் அதே ஊரில் அடுத்த தெரு போரில் பருப்பு வேக மறுக்கும். சிவகங்கைப் பக்கத்து ஊர்கள் சிலவற்றில் காவிரிக் கூட்டுக் குடிநீரும் சேர்ந்து வருகிறது. மோட்டார் ஓடாத நாளில் எது வருகிறதோ அதைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் நமக்குப் பழக்கம்.

குடிக்கிறவர்களுக்கு இதனால் பெரிய பாதகம் இல்லை. மீன் தொட்டியில் நீர்ச்செடி வளர்ப்பவருக்குத்தான் தலைவலி. இலை கருகுகிறது, மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது என்று யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள், அதற்கு முந்தின தடவை எந்தத் தண்ணீர்? உரத்தையும் மருந்தையும் அதற்கு அப்புறம் பேசலாம்.

கையில் என்ன இருக்க வேண்டும்

டி.டி.எஸ். பேனா, கே.எச்., ஜி.எச்., பி.எச். (தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் எண்), நைட்ரேட், அம்மோனியா சொட்டுப் பரிசோதனைப் புட்டிகள், குளோரினுக்கு ஒரு சின்ன கிட். அவ்வளவுதான். காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்ப்பது அவசரத்துக்கு உதவும். கே.எச். 4 டிகிரியா 7 டிகிரியா என்று அது சொல்லாது. நமக்கு வேண்டியதோ அந்த வித்தியாசம்தான்.

டி.டி.எஸ். பேனாவை எல்லோரும் வாங்கிவிடுகிறார்கள், அதோடு நின்றும் விடுகிறார்கள். தண்ணீரில் கரைந்திருப்பது எவ்வளவு என்று அது தோராயமாகச் சொல்லும். கரைந்திருப்பது என்ன என்று சொல்லாது. ஜி.எச். என்பது கால்சியம், மக்னீசியத்தின் அளவு. கே.எச். என்பது முக்கியமாக பைகார்பனேட்டின் அளவு. இரண்டிலும் ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். பி.எச். ஆட்டம் போடாமல் இருப்பது கே.எச். கையில். கடைக்காரரின் கையிருப்புப் பணம் மாதிரி அது: இருக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை, தீர்ந்த அன்றைக்குக் கடையே ஆடிப்போகும்.

கே.எச். பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். சோதனைக் குழாயைப் பரிசோதிக்கப் போகிற தண்ணீராலேயே இரண்டு தடவை அலசுங்கள். 5 மில்லி என்று கிட்டில் போட்டிருந்தால் 10 மில்லி எடுங்கள். அப்போது ஒரு சொட்டு அரை டிகிரிக்குச் சமம், கணக்கு நுணுக்கமாக வரும். புட்டியைச் சாய்க்காமல் நேராகக் கவிழ்த்துப் பிடித்து ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். முதல் சொட்டில் தண்ணீர் வெளிர் நீலமாகும். ஒவ்வொரு சொட்டுக்கும் மூடிக் குலுக்குங்கள். நீலம் மங்கி ஒரு மாதிரி பச்சை கலந்து நிற்கும் கட்டம் ஒன்று வரும், அங்கே நிறுத்திவிடாதீர்கள். அடுத்த சொட்டில் பளிச்சென்று மஞ்சள் ஆகிறதே, அந்தச் சொட்டோடுதான் எண்ண வேண்டும். வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்தால் ஐயம் வராது. முதல் சொட்டிலேயே மஞ்சள் என்றால் அந்தத் தண்ணீரில் கே.எச். கிட்டத்தட்ட இல்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தண்ணீரையும் தனித்தனியாக ஒரு தடவை பார்த்து, மருந்துச் சீட்டு மாதிரிக் கிறுக்காமல் தெளிவாக எழுதி, தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கோடையில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை. போர்த் தண்ணீர் இரண்டு பருவத்திலும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பாதீர்கள்.

தண்ணீர் மாற்றின சற்று நேரத்தில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது

குழாய்த் தண்ணீர் என்றால் சந்தேகம் முதலில் குளோரின் மேல். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பது ஊருக்கு ஊர் நடப்பது. குழாய் முனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்ச குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரம். அந்த அளவே மீனின் செவுளுக்குப் பகை. மேல்நிலைத் தொட்டி கழுவின மறுநாள் இன்னும் காரமாக வரும். பல ஊர்களில் கழுவிய தேதியை மேல்நிலைத் தொட்டியின் தூணிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் போகும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

மூக்கை நம்ப வேண்டாம். தண்ணீர் விடும் பணியாளர்கள் குளோரின் பார்க்க வைத்திருக்கும் குளோரோஸ்கோப்பில் ஊற்றுவது மாதிரிச் சொட்டு மருந்து கடைகளில் தனியாகவும் கிடைக்கிறது. குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும், அதிகமானால் ஆரஞ்சுப் பக்கம் போகும். பரிசோதித்த தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள், அந்த மருந்து விஷம்.

தீர்வு சோடியம் தயோசல்பேட். மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று தருவார்கள். பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு அது ஹைப்போ. 10 கிராம் கற்களை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். 1 மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் தயோசல்பேட் என்று போட்டால் பயமில்லை. 20 லிட்டர் வாளி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 40-ஐ 7-ஆல் பெருக்கினால் 280 மில்லிகிராம், அதாவது 3 மில்லி கரைசல். கொஞ்சம் கூடினால் கேடில்லை. கலந்த உடனே வேலை முடிந்துவிடும். ஹோஸை நேராகத் தொட்டிக்குள் விடுகிறவர்கள் மட்டும், ஊற்றப்போகும் தண்ணீருக்கு அல்ல, தொட்டி முழுக் கொள்ளளவுக்கும் கணக்குப் போட்டு முதலிலேயே விட்டுவிட வேண்டும்.

மருந்து கையில் இல்லையா? அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஏர்ஸ்டோன் (ஏர் பம்பில் மாட்டிக் குமிழ் விடும் கல்) போட்டு ஒரு நாள் வைத்தால் பிளீச்சிங் பவுடரின் குளோரின் போய்விடும். மூலத் தண்ணீரிலேயே அம்மோனியா கலந்திருந்தால் அது குளோரினோடு சேர்ந்து குளோரமைனாக நிற்கும், ஒரு நாளில் போகாது. தயோசல்பேட் அதையும் உடைக்கும், ஆனால் அம்மோனியாவை மிச்சம் வைத்துவிடும். குளோரின் நீக்கிய பிறகு அம்மோனியா காட்டுகிறது என்றால் அம்மோனியாவையும் கட்டும் மருந்து வேண்டும்.

அம்மோனியாவை நம் ஊரில் அலட்சியம் செய்ய முடியாததற்கு வெயில் ஒரு காரணம். தண்ணீர் 30 டிகிரி, பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே சூட்டில் பி.எச். 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல். கடினமான போர்த் தண்ணீரில் சித்திரை மாதம் வைத்திருக்கும் தொட்டிக்கு இது முக்கியம்.

போர்த் தண்ணீரில் குளோரின் இருக்காது; அதிலும் மீன் வாய் பிளந்தால் காரணம் வேறு. பூமிக்குள்ளிருந்து நேராக வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம். சில மணி நேரம் காற்றடித்து ஊற்றினால் சரியாகிவிடும். மொட்டை மாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து மத்தியானம் பிடித்த தண்ணீர் என்றால் கையை விட்டுப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். தண்ணீர் மாற்றுவதை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்தக் காரணமாக இருந்தாலும் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: செடிக்கு விடும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருந்தால் மூடு, ஏர் பம்பைப் போடு, ஹைப்போவை விடு. அப்புறம் யோசிக்கலாம்.

இலை எல்லாம் வெள்ளிக் குமிழ்

புதிதாகச் செடி வைத்தவர்கள் படம் எடுத்து அனுப்பி மகிழ்வது இதைத்தான். மோட்டார் அழுத்தத்தில் வந்த தண்ணீரில் கூடுதலாகக் கரைந்திருந்த காற்று வெளியேறும்போது கண்ணாடி, ஃபில்டர் குழாய், கல், மீனின் துடுப்பு என்று எல்லா இடத்திலும் குமிழ் ஒட்டும். செடி தானே விடும் ஆக்சிஜன் அப்படி வராது. விளக்குப் போட்டுச் சில மணி நேரம் கழித்து இலை நுனியிலிருந்தோ கீறலிலிருந்தோ நூல் பிடித்தாற்போல் மேலே ஏறும். கண்ணாடியிலும் குமிழ் இருந்தால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. மீன் உடம்பிலும் ஒட்டியிருந்தால் அது ஆபத்து. தண்ணீரைப் பூவாளியில் ஊற்றுவது மாதிரிச் சிதறவிட்டுப் பிடியுங்கள், அல்லது ஓர் இரவு வைத்திருந்து ஊற்றுங்கள்.

இலைமேல் வெள்ளைப் பொடி, தடவினால் சொரசொரப்பு

தண்ணீர் மட்டத்தில் கண்ணாடியில் வெள்ளைக் கோடு, ஹீட்டர் போட்டவர்களுக்கு அதன்மேல் ஓடு, இலைமேல் சுண்ணாம்பு தூவினது போன்ற படிவு. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். கடினத் தண்ணீர்தான்.

இலைமேல் மட்டும் ஏன் படிகிறது என்றால், கார்பன் டை ஆக்சைடு கிடைக்காத செடிகளில் சில, தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டை உடைத்துக் கார்பனை எடுத்துக்கொள்ளும். அப்போது இலையை ஒட்டியிருக்கும் தண்ணீரின் பி.எச். ஏறும், கால்சியம் கார்பனேட் அங்கேயே படியும். வேலம்பாசியும் வாலிஸ்னேரியாவும் இதில் கெட்டிக்காரச் செடிகள். ஆகவே இந்தப் படிவு இரண்டு சங்கதி சொல்கிறது: தண்ணீர் கடினம், தொட்டியில் கார்பன் பற்றாக்குறை.

இப்போது டி.டி.எஸ்.ஸையும் ஜி.எச்.சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டி.டி.எஸ். 1200 காட்டுகிறது, ஜி.எச். 10-தான் என்றால், 10 டிகிரி என்பது 178 மில்லிகிராம். மீதியில் பெரும்பகுதி சோடியமும் குளோரைடும் மாதிரியான உப்புகள். வாயில் வைத்தாலே கரிக்கும். இதைச் செடித் தொட்டிக்குத் தேற்ற வழியில்லை, விட்டுவிடுங்கள். ஜி.எச்.சைவிடக் கே.எச். கூடுதல் என்றால் சோடியம் பைகார்பனேட் கலந்த தண்ணீர். டி.டி.எஸ். 600, ஜி.எச். 20, கே.எச். 16 என்று வந்தால் அது சாதாரணக் கடினத் தண்ணீர், கலந்து சரிப்படுத்தலாம்.

குடிக்கத் தகுந்த தண்ணீர் என்று சான்று இருக்கிறதே என்பார்கள். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம். 600 என்றால் ஏறக்குறைய 34 டிகிரி. மனிதன் குடிக்கலாம், சிவப்புத் தண்டுச் செடி அதில் ஒரு மாதம் தாங்காது.

கலவைக் கணக்கு எளிது. கே.எச். 16 உள்ள போர்த் தண்ணீர் ஒரு பங்கு, கே.எச். 1 உள்ள ஆர்.ஓ. மூன்று பங்கு: 16-ம் 3-ம் கூட்டி 4-ஆல் வகுத்தால் 4.75. போரின் ஜி.எச். 20, ஆர்.ஓ.வின் ஜி.எச். 1 என்றால் அதே கலவையில் 5.75. பெரும்பாலான செடிகளுக்கும் டெட்ரா வகை மீன்களுக்கும் இது போதும். ஆனால் வீட்டு ஆர்.ஓ. எந்திரம் விடுவது எல்லாம் ஒரே தண்ணீர் அல்ல. ருசிக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகு சில எந்திரங்களில் உண்டு. சர்வீஸுக்கு வந்தவர் அதைத் திருகிவிட்டுப் போயிருப்பார். மாதம் ஒரு தடவை பேனாவை வைத்துப் பாருங்கள். கழிவுக் குழாயில் வருவது மூலத் தண்ணீரைவிட உப்பு. திண்ணை கழுவ மட்டும்.

பெரிய வீடுகளில் உப்பு மூட்டை கொட்டும் சாஃப்ட்னர் வைத்திருப்பார்கள். சோப்பு நன்றாக நுரைக்கும், ஜி.எச். பரிசோதனை பூஜ்யம் காட்டும். ஏமாறாதீர்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது, அவ்வளவே. கே.எச். அப்படியே இருக்கும், டி.டி.எஸ். குறையாது, செடிக்கு வேண்டிய கால்சியமும் போச்சு. சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் பிரித்துக்கொள்ளுங்கள்.

கலக்கவே பொறுமை இல்லை என்றால் செடியை மாற்றுங்கள். என் அபிப்பிராயத்தில் இதுவே புத்திசாலித்தனம். வாலிஸ்னேரியா, வேலம்பாசி, கிரிப்டோகோரின் வகைகள் கடினத் தண்ணீரில் சுகமாக இருக்கும். கப்பியும் மோலியும் அதையே விரும்பும். இணையத்தில் பார்த்த சிவப்புத் தோட்டத்துக்காக வாரா வாரம் கேன் தூக்குவது எல்லோருக்கும் ஆகிற காரியம் அல்ல.

குழாயில் பி.எச். 6.8, இரண்டு நாளில் தொட்டியில் 8

தொட்டியைச் சந்தேகிப்பதற்கு முன் ஒரு சோதனை. அதே தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து உடனே பி.எச். பாருங்கள். ஏர்ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்து மறுபடி பாருங்கள். டம்ளரிலேயே 8-க்கு ஏறிவிட்டால் அது நிலத்தடித் தண்ணீரில் இருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிய கணக்கு. ஒரு நாள் வைத்துப் பார்த்த எண்தான் உங்கள் தண்ணீரின் உண்மையான பி.எச்.

டம்ளரில் ஏறாமல் தொட்டியில் மட்டும் ஏறினால், தொட்டிக்குள் ஏதோ கரைகிறது. நம் பக்கத்தில் வழக்கமான குற்றவாளிகள் இரண்டு. தொண்டிக் கடற்கரையிலிருந்து ஆசையாக அள்ளி வந்த கிளிஞ்சல் கலந்த மணல் ஒன்று. மீன் ஒளிய வைத்த உடைந்த ஆத்தங்குடிக் கல் இன்னொன்று. பார்க்க அழகுதான், ஆனால் அது கண்ணாடிமேல் வார்த்த சிமென்ட் கல், தண்ணீருக்குள் சுண்ணாம்பு விடும். காய்ந்த மணலில் வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள். ஆத்தங்குடிக் கல்லைத் தொட்டிக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே வேண்டாம்.

இந்த இடத்தில் எலுமிச்சையும் அமிலமும் ஊற்றி பி.எச்.சை இறக்கப் பார்ப்பது வீண். கே.எச். இருக்கும்வரை மறுநாள் அது திரும்ப ஏறிவிடும், நடுவில் மீன்தான் அவதிப்படும். பாதாம் மர இலை போடுவதும் கே.எச். குறைவான தண்ணீரில்தான் பலிக்கும். கடினத் தண்ணீரில் நிறம் மட்டும் டீயாக மாறும். பி.எச். இறங்க வேண்டும் என்றால் கே.எச். இறங்க வேண்டும், அதற்குக் கலவைதான் வழி.

ஐப்பசி கார்த்திகையில், நன்றாக இருந்த தொட்டி ஒரே வாரத்தில் கெடுகிறது

மழைத் தண்ணீர். இதை நம் ஊரில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

“தம்பி, இது நம்ம முத்தத்துல விழுந்து அண்டாவுல பிடிச்ச தண்ணி. பருப்பைப் போட்டா ஒரே கொதியில குழைஞ்சிரும். இதுல என்ன குத்தத்தக் கண்டுபிடிச்சீக?” என்று ஓர் ஆச்சி என்னைக் கேட்டார்கள்.

“குத்தமே இல்ல ஆச்சி. அதுதான் குத்தம். அதுல ஒண்ணுமே இல்ல.”

பருப்பு குழைவதற்கும் தொட்டி சரிவதற்கும் காரணம் ஒன்றேதான். கால்சியம் இல்லை, பைகார்பனேட் இல்லை. ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும்போது கே.எச்.சைத் தின்றுகொண்டே இருக்கும். கடினத் தண்ணீரில் அது வாரா வாரம் நிரம்பிவிடும். மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றினால் நிரம்ப வழியில்லை. கே.எச். தீர்ந்ததும் பி.எச். 6-க்குக் கீழே சரியும், பாக்டீரியா வேலையை மெதுவாக்கும், அம்மோனியா சேரும். பி.எச். குறைவாக இருக்கும்வரை அந்த அம்மோனியா பெரும்பாலும் விஷம் இல்லாத வடிவில் கிடக்கும். பதறிப்போய்ப் போர்த் தண்ணீரைப் பாதித் தொட்டி ஊற்றுவீர்கள் பாருங்கள், பி.எச். எகிறும், கிடந்தது விஷமாகும், மீன் அன்றைக்கே சாகும். போர்த் தண்ணீர் கொன்றுவிட்டது என்று பேர் வரும்.

இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் தீனியை நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு பத்தில் ஒரு பங்கு மட்டும், கே.எச். 2 அல்லது 3 உள்ள தண்ணீரால் மாற்றுங்கள். அம்மோனியா கட்டும் மருந்து இருந்தால் முதலில் அதை விடுங்கள்.

வருமுன் காப்பது ரொம்பவே சுலபம். தனியாகப் பார்த்தால் செடிக்கு ஆகாத இரண்டு தண்ணீர் நம் வீட்டில் இருக்கிறது: ஒன்றுமே இல்லாத மழைத் தண்ணீர், எல்லாமே மிதமிஞ்சிய போர்த் தண்ணீர். கே.எச். 16 போர் ஒரு பங்குக்கு மழைத் தண்ணீர் மூன்று பங்கு சேர்த்தால் கே.எச். 4. ஆர்.ஓ. எந்திரமே வேண்டாம். காசு கொடுத்துத் தாதுப் பொடி வாங்கவும் வேண்டாம்.

போர் உப்பாக இருந்து கலக்க முடியாதவர்களுக்குக் கடைச் சரக்கு. 100 லிட்டர் மழைத் தண்ணீருக்கு ஆப்ப சோடா 9 கிராம் போட்டால் கே.எச். 3 ஏறும். ஜிப்சம் 9 கிராம் கால்சியத்தால் ஜி.எச். 3 ஏற்றும், எப்சம் உப்பு 4.5 கிராம் மக்னீசியத்தால் இன்னொரு டிகிரி. ஜிப்சம் மெதுவாகத்தான் கரையும், முந்தின நாளே போட்டுக் கலக்கிவிடுங்கள். ஆப்ப சோடா கேட்டால் பேக்கிங் பவுடரைத் தூக்கிக் கொடுக்கிற கடையும் உண்டு, பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள்.

ஓட்டிலிருந்து வரும் முதல் மழை வேண்டாம். கோடை முழுக்கச் சேர்ந்த தூசியும் புறா எச்சமும் அதில்தான் வரும். நன்றாகக் கொட்டி ஓடு கழுவின பிறகு பிடியுங்கள். சுண்ணாம்புக் காரைத் தொட்டியில் நாள்கணக்கில் நின்ற மழைத் தண்ணீரை மழைத் தண்ணீர் என்று எண்ணாமல் புதிதாகப் பரிசோதியுங்கள், கே.எச். ஏறியிருக்கும்.

வாளியில் மஞ்சள் வளையம், ஃபில்டர் பஞ்சு செங்கல் நிறம்

இரும்பு. செம்பூராங்கல் பூமியில் இதற்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பிடிக்கும்போது கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், காலையில் பார்த்தால் மஞ்சளாகி அடியில் வண்டல் நிற்கும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் டீ டிகாக்ஷனை விட்டுப் பாருங்கள். இரும்பு இருந்தால் மை கலந்தது போல் கறுக்கும்.

செடிக்கு இரும்பு வேண்டுமே, நல்லதுதானே என்று தோன்றும். காற்றுப்பட்டுத் துருவாகிப் படிந்த இரும்பைத் தண்டுச் செடியின் இலை எடுத்துக்கொள்ளாது. மீனின் செவுளில் படியும், ஃபில்டரை அடைக்கும். ஒரு நாள் காற்றடித்து, தெளிய வைத்து, மேல் தண்ணீரைப் பஞ்சு வழியாக ஊற்றுங்கள். அடி வண்டலை வேருக்கு விடலாம், முற்றத்துத் துளசிக்கு.

தளிர் வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சை

மேலே சொன்ன அதே வீட்டில் இதுவும் வரும். தண்ணீரில் இரும்பு இருக்கும், செடியில் இரும்புப் பஞ்சம். பி.எச். 7.5-க்கு மேல் இருந்தால் சாதாரண ஈ.டி.டி.ஏ. (இரும்பைத் துருவாகாமல் பிடித்து வைக்கும் பொருள்) கலந்த இரும்பு உரம் நிற்காது, அது 6.5 வரைக்கும்தான் பத்திரம். டி.டி.பி.ஏ. வகை 7.5 வரை தாக்குப்பிடிக்கும். ஈ.டி.டி.ஹெச்.ஏ. அதற்கு மேலும் நிற்கும், ஆனால் தண்ணீர் சிவக்கும்.

பழைய இலையில் ஊசிக் குத்து மாதிரி ஓட்டை விழுந்து ஓரம் மஞ்சளானால் பொட்டாசியம் குறைவு. தண்ணீர் எத்தனை கடினமாக இருந்தாலும் பொட்டாசியம் இருக்கும் என்று நம்ப முடியாது. பழைய இலை நரம்புக்கு நடுவில் வெளுத்தால் மக்னீசியம், ஜி.எச். நிறைய இருந்தும் அது முழுக்கக் கால்சியமாக இருக்கக்கூடும். 100 லிட்டருக்கு 4 கிராம் எப்சம் உப்பு போட்டுப் பாருங்கள். கெட்ட இலை திரும்பப் பச்சையாகாது, புது இலையைப் பார்த்துத்தான் தீர்ப்பு.

பாசி அடங்கவே மாட்டேன் என்கிறது

முற்றத்து வெயில் தொட்டிமேல் விழுகிறதா? தொட்டியை இடம் மாற்றுங்கள், மற்றது அப்புறம்.

வெயில் இல்லை என்றால் தொட்டித் தண்ணீரில் நைட்ரேட் பார்ப்பதோடு குழாய்த் தண்ணீரிலும் பாருங்கள். மாட்டுத் தொழுவமோ கழிவுநீர்த் தொட்டியோ பக்கத்தில் இருக்கும் போரில் நைட்ரேட் ஏறியிருக்கும். குடிநீர்த் தரத்தின் எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். 40 உள்ள தண்ணீரால் வாரா வாரம் பாதித் தொட்டி மாற்றினால், நைட்ரேட்டைக் குறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உரம் போடுகிறீர்கள். அந்தப் போரை நம்பியிருக்கிறவர்கள் கடை உரத்தில் நைட்ரஜன் இல்லாததை வாங்குவது நல்லது. பரிசோதனை பூஜ்யம் காட்டினால் உடனே நம்பாதீர்கள். நைட்ரேட் கிட்டின் இரண்டாவது புட்டியில் மருந்து அடியில் தங்கும் வகை அதிகம். மேசையில் தட்டி, கை வலிக்கக் குலுக்கி விட்டால்தான் உண்மை எண் வரும். எல்லை தாண்டியிருந்தால் அந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். தொட்டி இரண்டாம் பட்சம்.

மீன் சுகமாக இருக்கிறது, இறால் மட்டும் ஒவ்வொன்றாகச் சாகிறது

தண்ணீரை எதில் பிடித்து வைக்கிறீர்கள்? செட்டிநாட்டு வீடு என்றால் செம்பு அண்டாவும் பித்தளைக் குடமும் இல்லாமல் இருக்காது, புளி போட்டு விளக்கி மின்னவும் வைத்திருப்பார்கள். மீன் தாங்குகிற அளவுச் செம்பையே இறால் தாங்காது. அதிலும் மழைத் தண்ணீர் மாதிரி கே.எச். இல்லாத, லேசான புளிப்புத் தண்ணீர் செம்பை நன்றாகக் கரைக்கும். ராத்திரி முழுக்க அண்டாவில் இருந்த தண்ணீரைக் காலையில் ஊற்றினால் செர்ரி இறால் பாடு முடிந்தது. துத்தநாகம் பூசிய தகரக் குழாய் வழியாக வரும் மழைத் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை. பிளாஸ்டிக் டிரம் வாங்கித் தொட்டிக்கென்றே வையுங்கள், அதில் சோப்புக் கை படக் கூடாது.

அண்டா குற்றவாளி இல்லை என்றால் கொசு மருந்தும் மீனுக்குப் போட்ட மருந்தும். செம்பு கலந்த மருந்துகள் உண்டு, புட்டியைப் படியுங்கள். இறால் தோல் உரிக்கும்போதே சாகிறது, நடுவில் வெள்ளைக் கோடு தெரிகிறது என்றால் ஜி.எச். போதவில்லை, அல்லது ஒரே நாளில் ரொம்ப மாற்றிவிட்டீர்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் பிடிபடவில்லை

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடப்பதால் உங்கள் ஊர் எதில் என்று பார்த்துப் போங்கள். சுத்தமான புட்டியை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசி, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, காற்று நிற்காமல் விளிம்புவரை பிடித்து மூடுங்கள். எந்தக் குழாய், எந்தத் தேதி என்று மேலே எழுதி ஒட்டுங்கள். முடிவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சோடியம், குளோரைடு, மொத்தக் காரத்தன்மை. காரத்தன்மையை 17.8-ஆல் வகுத்தால் கே.எச்.; உங்கள் சொட்டுக் கிட் சொன்ன எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் கிட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.